அக்கா சொன்ன நிறம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காக் கடைகளில் பெயிண்ட் என்ற பொருளே கிடையாது. இருந்தும், அக்காவின் கல்யாணத்துக்குள் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு நிறம் அடித்தே தீருவது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அவசரக் கல்யாணம். வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்த நாட்கள் அவை. மாப்பிள்ளையை அப்பாவும் மாமாவும் மட்டும் போய்ப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள்.

சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு தயாரானது. பிடிப்புக்கு மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி. நாங்களே அரை வயிறாக இருக்கையில் சுவருக்கு எதற்குக் கஞ்சி என்று எனக்கு ஆத்திரம். நிறத்துக்கு மண்தான். அப்பா புக்கிட் பாரு மேட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தார். அம்மாவின் தம்பியான மாமா, சும்மா இருக்க மாட்டாமல், குருபோங் வரை சைக்கிள் மிதித்து இன்னொரு மண்ணோடு வந்தார். இரண்டையும் தனித்தனியே சுண்ணாம்பில் கலக்கிச் சுவரில் பக்கம்பக்கமாகத் தீற்றினார்கள்.

ஏழு வயதுக் கண்ணை எவ்வளவு விரித்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே, எதையாச்சும் அடிங்க," என்றாள் அம்மா.

"நல்லாப் பாருக்கா. மச்சான் மண்ணு செங்கல்லு மாதிரி இருக்கு," என்றார் மாமா.

"உன் மண்ணு சோகை புடிச்ச மாதிரி இருக்கு," என்றார் அப்பா.

தெருவில் சிப்பாயைக் கண்டால் இடுப்பு வளையக் குனிகிற இருவரும், அந்தச் சுவருக்கு முன்னால் ஒருவருக்கொருவர் இம்மியும் வளையவில்லை.

மறுநாள் சுவர் காய்ந்த பிறகும் வழக்கு ஓயவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"மாமா கொண்டாந்த மண்ணுதான்ப்பா. காலையில வெயில் விழுறப்ப பார்த்தேன். உங்களது செவக்குது, இது சந்தனமா நிக்குது. இதையே அடிங்க."

ஜெயித்துவிட்ட சிரிப்பைத் தொடங்கிய மாமா, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா கத்தப்போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் கத்தவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதும் சொல்லணுமாம்மா? இருந்தா இப்பவே சொல்லிரு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மத்ததெல்லாம் நீங்க பார்த்தது சரியாத்தான் இருக்கும்ப்பா. இது மட்டும் நான் பார்த்தது."

அப்பா தன் வாளியை எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று வந்தவர்கள் எல்லாம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் எங்கே பெயிண்ட் கிடைத்தது என்று கேட்டார்கள். "எங்க அக்கா பார்த்த கலரு," என்று ஒருவர் விடாமல் சொன்னேன். மணையில் இருந்த மாப்பிள்ளையிடமும் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு முதன்முறையாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு சுவர் விஷயத்தில் அக்கா அப்பாவை ஜெயித்துவிட்டாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்பா அன்று கேட்டது சுவரைப் பற்றியே அல்ல என்பதும், அக்கா பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் கல்யாணமே நின்றுபோயிருக்கலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.