தலைவர் குடித்த காபி

எழுபதுகளின் கடைசியில் மதுரைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். வீட்டில் எனக்காகத் திருநகரில் பெண் கேட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா, "மாப்ளைக்கு வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பொண்ணு பாக்க வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். நிரந்தரம் எங்கள் துறைத் தலைவர் கையில் இருந்தது. ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பரிந்துரை எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர் வந்த அன்று வெப்ப இயக்கவியலின் முதல் பாடம். அமைப்பு, சூழல் என்று ஆரம்பித்தாலே பையன்கள் கொட்டாவி விடுவார்கள், அதிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதனால் கேண்டீனில் காபி வாங்கி, பாதியைப் பிளாஸ்கில் ஊற்றி மூடினேன். மீதியை டம்ளரில் திறந்து வைத்தேன். மணியடிக்கும் நேரத்தில் இரண்டிலும் தெர்மாமீட்டர் வைப்பது, டம்ளர் இழந்த வெப்பம் அழியவில்லை, இந்த அறைக்குத்தான் போயிருக்கிறது என்று முதல் விதியைச் சொல்லி அசத்துவது என்று திட்டம். பங்குனி வெயிலில் எங்கள் வகுப்பறையில் காபி ஆறுவதே பெரிய காரியம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாதி வகுப்பில் தலைவர் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சமன்பாடு எழுதத் தொடங்கினேன்.

அதே பெஞ்சில் சோழவந்தான் பையன் ஒருவன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வந்தவர்களை வெறும் வாயோடு உட்கார வைக்கும் வழக்கம் அவன் வீட்டில் கிடையாது. மேசையில் காபி இருக்கிறது, பெரியவர் வந்திருக்கிறார், வாத்தியாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவனுக்குப் பொறுக்கவில்லை. டம்ளர் வெதுவெதுவென்று இருந்தது, பிளாஸ்க் கொதித்தது. இரண்டையும் ஒன்றாக்கி, பிளாஸ்க் மூடிக்கும் டம்ளருக்குமாக நுரை பொங்க ஆற்றிக் கொடுத்துவிட்டான்.

நான் திரும்பியபோது தலைவர் என் இரண்டு அமைப்புகளையும் குடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், என்னடா பண்ணுன?"

"ஆத்திக் குடுத்தேன் சார். அம்புட்டுச் சூட்டை எப்படிக் குடிப்பாக?"

எனக்கு அழுகை வந்தது. திருநகர் கைவிட்டுப் போவது தெரிந்தது. எரிச்சலில், "சரி, இனி சூட்டைத் தனியா, ஆறுனதைத் தனியாப் பிரிச்சுக் குடு பாப்போம்" என்றேன்.

"கலந்ததை எப்படி சார் பிரிக்க? தானாப் பிரியாது. மறுபடி சூடு வேணும்னா அடுப்புல வச்சாத்தான் உண்டு."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுரீரென்றது. அடுத்த மாதம் நடத்த வேண்டிய இரண்டாம் விதியை அவன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதையே பலகையில் எழுதி, மணியடிக்கும் வரை பேசினேன். ஒருவனும் கொட்டாவி விடவில்லை.

தலைவர் எழுந்தார். "முதல் விதி நடத்துறதாச் சொன்னீங்க."

"ஆமா சார்."

"ரெண்டாவதை நடத்திட்டீங்க."

போச்சு என்று நினைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி, "பசங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எழுதிடுறேன்" என்றார். மீசையில் நுரை இருந்தது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

உத்தரவு வந்த கையோடு திருநகருக்குப் பெண் பார்க்கப் போனோம். அவள் காபி கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. "ஆத்திக் குடிங்க மாப்ள" என்றார் அவள் அப்பா. இனி எந்தக் காபியையும் ஆறவிட்டு வேடிக்கை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அப்படியே விழுங்கினேன். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். வெந்த நாக்கோடு பேச முடியாமல், கண்ணில் நீர் வழியத் தலையை மட்டும் ஆட்டினேன். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலும் தப்பில்லை.