கிளட்ச்சுக்குக் கட்டிய நூல் கயிறு

இப்போதைய ரேஸ் கார்களில் கீழ் கியருக்கு இறங்கும்போது டிரைவர் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாமாம். கம்ப்யூட்டரே ஒரு 'டுர்' கொடுத்து இஞ்சின் வேகத்தை ஏற்றி, கியரைச் சத்தமில்லாமல் உட்கார வைத்துவிடுமாம். டிவியில் ஒருவர் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னார். நான் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியிலேயே நான் பழவேற்காட்டில் இதைச் செய்துவிட்டேன். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, வலை கட்டுகிற நூல் கயிறு இருந்தது.

மீனவ வீட்டில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற பிள்ளை நான். முகத்துவாரம் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். மீனுக்குத் தீனி போட ஒரு ஆளைக் கூட்டிப் போவானேன் என்று நைனா என்னைக் கரையிலேயே விட்டுவிட்டார். அதனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஊரில் இறால் வியாபாரம் செய்த பாய் ஒருவர் தன் வேனை என்னிடம் கொடுத்தார். ஏரி இறாலை ஐஸில் போட்டு பொன்னேரி ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்குச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேன் எனக்கு மூத்தது. மேல் கியருக்கு மரியாதையாகப் போகும். கீழே இறக்கினால் மட்டும் ஆட்டுக்கல்லில் ஆணியைப் போட்டு அரைத்த மாதிரி கத்தும். கிளட்ச்சை ரெண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு அழுத்து அழுத்தினால் பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளும். தெரியும். ஆனால் வளைவில் பிரேக்கும் பிடிக்க வேண்டுமே. அதற்கு மூணாவதாக ஒரு கால் வேண்டும்.

பாய் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். பக்கத்து சீட்டில் தாடையைப் பிடித்தபடி வருவார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார். "இன்னொரு வாட்டி கத்துச்சுனா சாவிய உன் மச்சான்கிட்ட குடுத்துடுவேன். வியாழக்கிழமை மறுபடி கூட வரேன், பாக்கறேன்."

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். லைசென்ஸ் எடுத்துவிட்டு என் வேனையே பார்த்துக்கொண்டிருந்தவன். சாவி அவனுக்குப் போனால், படகில் காலியாகிற அவன் இடத்துக்கு நான்தான் போக வேண்டும்.

சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். வளைவுக்கு வரும்போது ஒவ்வொரு காரும் பிரேக் பிடித்துக்கொண்டே 'டுர், டுர்' என்று உறுமியது. எப்படி என்று அங்கிருந்த மெக்கானிக்கை நச்சரித்தேன். ஒரே காலில் முன்பாதி பிரேக்கில், குதிகால் ஆக்சிலரேட்டரில் என்றார். மறுநாள் ரப்பர் செருப்போடு முயன்றேன். செருப்பு பிரேக்குக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டது. வேன் ஒரு வைக்கோல் போரில் ஏறி நின்றது. மாடு ஒன்று மேய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எப்படியும் கிளட்ச்சை மிதிக்கத்தானே போகிறோம்? அதுவே ஆக்சிலரேட்டரையும் இழுத்துவிட்டால்? வீட்டில் கிடந்த நூல் கயிற்றை எடுத்தேன். பெண்டாட்டி முறைத்தாள்.

"இன்னாத்துக்குயா அது?"

"வண்டிக்கு."

"வலையத்தான் கட்டத் தெரியல, வண்டியவாவது கட்டு."

பக்கத்திலேயே நைலான் கயிறும் இருந்தது. வழுக்கும், முடிச்சு நிற்காது என்று விட்டுவிட்டேன். வேனுக்கு அடியில் படுத்து, கிளட்ச் பெடலின் கீழ்க்கம்பியில் ஒரு முனையும் ஆக்சிலரேட்டர் இழுக்கிற கார்பரேட்டர் கம்பியில் மறுமுனையுமாகக் கட்டினேன். மிதித்தால் உறுமியது, விட்டால் அடங்கியது. ரெண்டாம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. எனக்கே என் மேல் பயபக்தி வந்துவிட்டது.

வியாழக்கிழமை மழை. பாய் வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவு, சத்தம் இல்லை. ரெண்டாவது, இல்லை. பாய் தாடையிலிருந்து கையை எடுத்தார். அதற்குள் ரோட்டுப் பள்ளத்துத் தண்ணீரெல்லாம் அடியில் வாரி அடித்துக்கொண்டிருந்தது.

நூல் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். எங்கள் குப்பத்தில் நடக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட இது தெரியும். வாந்தி எடுக்கும் நேரத்தில் நான் இதைக் கவனித்திருக்கலாம்.

பெடல்களிலிருந்து காலை எடுத்துவிட்டேன், வேன் வேகம் குறையவில்லை. கயிறு இறுக இறுக இஞ்சின் தானாக ஏறியது. கிளட்ச்சை மிதித்தால் இன்னும் அலறியது. பிரேக்கை அழுத்தினால் முனகிக்கொண்டே ஓடியது. வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பி அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். ஒவ்வொரு தடவையும் சைலன்சரில் 'டமார்' என்று வெடித்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றில் நின்றபடி கும்பிட்டார்கள். வேனையா, பாயையா என்று தெரியவில்லை. பாய் கதவுப் பிடியை ஒரு கையாலும் என் சட்டைக் காலரை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் சாவியைப் பிடுங்கி நிறுத்தினேன். எப்போதும் நகரும் ரயிலில்தான் கூடையை ஏற்றுவோம். அன்று ரயிலே வந்திருக்கவில்லை. பாய் இறங்கினார். சட்டையை உதறினார். இறாலைத் திறந்து பார்த்தார். ஐஸ் கரையக்கூட நேரம் இருந்திருக்கவில்லை.

"கியர் கத்தல," என்றார்.

"இல்ல பாய்."

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும். உன் மச்சான் புள்ளகுட்டிக்காரன், பாவம். நான் இனிமே பஸ்ல வரேன்."

கூடைகள் ரயிலேறியதும் வேனுக்கு அடியில் படுத்துக் கயிற்றை அறுத்தேன். திரும்பும்போது முதல் வளைவில் ரெண்டாம் கியருக்கு இறக்கினேன். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. நன்றாகக் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.