ஏணைக்கு நடு எது?

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த கையோடு என் கணவர் மகனுக்கு ஏணை கட்டினார். கூரை வளை மரத்தில் கயிறு, கயிற்றில் ஒரு ஸ்பிரிங், அதில் கொளுவிய என் பழைய சேலை. நித்திரைக்கு அழுதபடி மகன் என் தோளில்.

வெறும் ஏணை தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கியது.

“காணும்தானே?” என்றார்.

“புள்ளையப் போட்டா இறங்கும். முதல்ல அரிசிப் பையப் போட்டுப் பாருங்க.”

“ஸ்கூல்ல படிப்பிக்கிறத வீட்டுக்கும் கொண்டுவராத.”

நான் கல்முனையில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்பிரிங்கில் ஆடும் பாரம், அதன் சமநிலைத் தானம், அதாவது ஆட்டத்தின் நடு — இந்த ஒரு பாடத்தில் எத்தனை தடவை எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது! பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே வெறும் ஸ்பிரிங்கின் நுனியை நடுவாக வைத்துவிடுவார்கள். அது நடுவல்ல. பாரம் தொங்கி, ஆடாமல் நிற்கிற இடம்தான் நடு. அங்கிருந்துதான் மேலேயும் கீழேயும் ஆட்டம். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

இவரோ ஏ.எல். பரீட்சையில் பௌதிகவியலுக்கு ஏ எடுத்தவர்...

முணுமுணுத்தபடி பையை மெதுவாக வைத்தார். ஏணை இறங்கி, தரைக்கு ஒரு சாண்கூட இல்லாத இடத்தில் நின்றது.

“பாத்தியா? தரையில முட்டல்ல.”

“இது ஆடாம நிக்கிற இடம். ஆட்டினா இதுக்கும் கீழ போகும்.”

“போனா எவ்வளவு போகப்போகுது?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. மகனைப் பாயில் கிடத்தினேன். வெறும் ஏணை நின்ற உயரத்துக்குப் பையோடு சேலையைத் தூக்கி, கையை விட்டேன். தொப்பென்று சீமெந்துத் தரையில் மோதியது. பைக்குப் பதிலாக என் பிள்ளை...

இவர் கதிரையில் ஏறி, கயிற்றைச் சுருக்கிக் கட்டினார். பையை வைத்து நன்றாக ஆட்டிப் பார்த்தோம். தரைக்கு எட்டவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றபடி மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பரீட்சைத் தாளில் இதே கணக்கைப் பிழையில்லாமல் செய்தவர்தான் இவர். தாளில் வந்த கணக்கு வீட்டு வளையில் தொங்கினால் மட்டும் ஏன் ஆளுக்கு அடையாளம் தெரிவதில்லை?

பிறகு பையை வெளியே எடுத்தார். பாரம் போனதும் ஏணை மேலே ஏறி, அவருடைய இடுப்பளவில் நின்றது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இவ்வளவு உசரத்துலயா புள்ளையப் போடுற? கொஞ்சம் இறக்கிக் கட்டுவமா?”

மகன் அன்று என் தோளிலேயே தூங்கினான்.