எந்தக் காலைப் பார்ப்பது?

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்ய பி.ஜி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் நான் சத்தம் போடுவேன் என்பது எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்ததும் டீ வாங்கிக்கொடுத்துச் சமாதானம் ஆவேன் என்பதும் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததில் எனக்குச் சந்தேகமே வராத பாடம் ஒன்று இருந்தது. அதை இனி வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று புரியாமல்தான் இப்போது விழித்துக்கொண்டிருக்கிறேன்.

பாடம் இதுதான். தொடை எலும்பு முறிந்தால் அதற்குள் நீளமான ஒரு உலோக ராடைச் செலுத்தி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு நிறுத்துவோம். முறிந்த கீழ்த்துண்டு தன் அச்சிலேயே கொஞ்சம் திரும்பி நின்றுவிட்டால் வந்தது வம்பு. எக்ஸ்ரேயில் எலும்பு நேராகத்தான் தெரியும். ஆள் எழுந்து நின்றால்தான் பாதம் வேறெங்கோ பார்ப்பது தெரியும். எவ்வளவு திரும்பியிருப்பது சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்: "புத்தகத்தை மூடு. மத்தக் காலைப் பாரு. அது எப்படி இருக்கோ அப்படியே இதையும் வை. கடவுளே பக்கத்துல ஒரு சாம்பிள் வச்சிருக்காரு."

சம்பா நடவு நேரம். கீழ்வேளூர்ப் பக்கம் நடவுக்குப் பெண்களை ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்று வாய்க்கால் திருப்பத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாவுக்கு மட்டும் இடது தொடை முறிந்து எங்களிடம் அனுப்பினார்கள். சேறு காய்ந்த காலோடு வந்தார். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடவுக்கு எப்ப இறங்கலாங்க?"

அந்த அறுவை சிகிச்சையை மூன்றாம் வருட பி.ஜி. பெண்ணிடம் கொடுத்தேன். தொடை எலும்பை அவள் தனியாகச் செய்வது அதுதான் முதல் தடவை. நான் கை கழுவி, கவுன் போட்டு எதிரே நிற்பேன். கை வைக்க மாட்டேன். அவள் அம்மாவும் நடவு வேலைக்குப் போனவர். நான் வளர்ந்தது நிலம் வைத்திருந்த வீட்டில். நடவை நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தோம். அந்த அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்துக்கும் எங்களுக்கும் நடுவே வழக்கம்போல் பச்சைத் துணித் திரை. அவள் நிதானமாகச் செய்தாள். கீழ் ஸ்க்ரூக்களைப் போடும் முன்னால் பாதத்தைத் திருப்பி நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். நான் சத்தமாகவே சொன்னேன்: "என்ன யோசனை? வலது காலைப் பாரு. அச்சு அசலா அப்படியே வரணும்." திரைக்கு அப்பால் ஏதோ முனகல் கேட்டது. மயக்க டாக்டர் பக்கத்தில்தான் இருந்தார். வலி ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். வேலை முடிந்தது. இரண்டு பாதங்களும் ஒரே கோணத்தில் கிடந்தன. "ஜோடி பிரமாதம்" என்றேன். நான் அப்படியெல்லாம் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. முகமூடிக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன.

மூன்றாம் நாள் வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தோம். அந்த அம்மா குனிந்து தன் பாதங்களையே பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் காலும் போயிடுச்சாங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்ததில் வந்தது விஷயம். ஏழு வயதில் வைக்கோல் போரிலிருந்து விழுந்து வலது தொடை முறிந்திருக்கிறது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எலும்பு கூடியது; ஆனால் திரும்பியபடி கூடியது. அன்றிலிருந்து வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்தபடிதான். படுத்திருக்கும்போது எல்லார் பாதமும் கொஞ்சம் வெளியே சாயும் என்பதால் எங்கள் கண்ணில் அது படவில்லை. அந்தக் காலைப் பார்த்துத்தான் நாங்கள் இடது காலையும் அப்படியே வைத்திருக்கிறோம்.

"ஏம்மா, முன்னாடி ஒடிஞ்சதைச் சொல்ல வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆபரேஷன் ஆகியிருக்கான்னு கேட்டாங்க. ஆகலைன்னேன். கட்டுதானேங்க கட்டினாங்க."

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். உண்மைதான். ஆபரேஷன், சுகர், பிரஷர், அலர்ஜி எல்லாம் கேட்டிருக்கிறோம். எலும்பு முன்பு எப்போதாவது முறிந்ததா என்று எலும்பு டாக்டர்கள் நாங்கள் கேட்கவே இல்லை.

பி.ஜி. பெண்ணை வார்டுக்கு வெளியே நிறுத்தி வெளுத்து வாங்கினேன். தன் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். "மற்றக் காலைப் பார்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் நான் சொன்ன தேதி. என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டு நாள் மண்டை காய்ந்தது. அந்த அம்மாவின் கணவர், "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, நல்லதுதானேங்க?" என்றார். ஒரு நிமிடம் எனக்கே அது சரியென்று பட்டது. ஒரே மாதிரி வைக்கத்தானே சொல்லிக்கொடுத்தேன்? ஆனால் அந்த அம்மா விவரமாகச் சொன்னார். நடும்போது சேற்றில் பின்னோக்கியே நடக்க வேண்டும்; ஒரு கால் கோணியிருந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நாற்றுக்கட்டோடு வரப்பில் நடக்கும்போதும் அப்படித்தான். "ரெண்டும் கோணிக்கிட்டா கீழதாங்க கிடப்பேன்."

கீழே உள்ள ஸ்க்ரூக்களை எடுத்து, காலைத் திருப்பி, மறுபடி முடுக்க வேண்டும். எலும்பு கூடத் தொடங்குவதற்குள் செய்தால் பெரிய வேலை இல்லை. சிக்கல் வேறு: எவ்வளவு திருப்புவது? சாம்பிளே கோணல். புத்தகத்தில் இருப்பது பொதுக் கணக்கு. கணவரிடம், பழைய இடது கால் எப்படி இருந்தது என்று கேட்டேன். "காலையெல்லாம் யாருங்க பாத்தா?" என்றார். போன வருடம் திருக்கடையூரில் அந்த அம்மாவின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எடுத்த வீடியோ மகளின் போனில் இருந்தது. நானும் பி.ஜி.யும் வார்டில் நின்று அதை மூன்று தடவை பார்த்தோம். மாலை தெரிந்தது, கலசம் தெரிந்தது, பந்தியில் வைத்த கேசரிகூடத் தெரிந்தது. அந்த அம்மா வருகிற இடத்திலெல்லாம் சேலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அவங்களையே கேக்கலாம் சார்" என்றாள் பி.ஜி.

"யாரை?"

"அந்த அம்மாவை. தியேட்டர்ல முழிச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க."

"பேஷண்ட்டைக் கேட்டுக்கிட்டா ஸ்க்ரூ போடுவோம்?" என்று கத்தினேன். கத்திவிட்டு யோசித்தேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது அறுவை சிகிச்சையையும் அவளையே செய்யச் சொன்னேன். ஸ்க்ரூக்களை எடுத்ததும் மயக்க டாக்டர் திரையைத் தாழ்த்தி, அந்த அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தார். உறை போட்ட பாதத்தை அவள் மெல்ல உள்பக்கமாகத் திருப்பினாள்.

"அம்மா, பாதத்தைப் பாருங்க. இப்படியா இருந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் உள்ளங்க."

"இப்ப?"

"அது ரொம்ப. பெருவெரல் லேசா வெளிய பாக்கணும். ம்... இதாங்க. இதான் என் காலு."

அந்த இடத்தில் நிறுத்தி முடுக்கினோம். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. படுத்திருக்கிறவர் கண்ணுக்குத் தெரிவதும் நின்றால் வருவதும் ஒன்றாக இருக்குமா என்ற சந்தேகம் என்னை விடவில்லை. வாக்கரில் அவரை மறுபடி நிறுத்தினோம். அவர் குனிந்து பார்த்தார். நாலு அடி நடந்தார். திரும்பி வந்து பி.ஜி.யின் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்.

அடுத்த குறுவை நடவு முடிந்த பிறகு ஓ.பி.க்கு வந்தார். வாக்கர் இல்லை, கம்பு இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

"வயல்ல இறங்கினீங்களா?" என்றேன்.

"அஞ்சு நாள் நட்டேங்க. மெதுவாத்தான் போனேன். விழலை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். கிளம்ப எழுந்தவர் கதவுப் பக்கம் போய்த் திரும்பி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. மொத ஆபரேஷன்ல, வலது காலைப் பாரு, அப்படியே வரணும்னு சொன்னீங்கல்ல? எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சுங்க. அது கோணக்காலாச்சே, அதைப் போயி ஏன் பாக்கச் சொல்றாங்கன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"வாயைத் தொறந்தேங்க. அதுக்குள்ள யாரோ, 'பேசாம படும்மா'ன்னாங்க."

யாரோ என்று அவர் சொன்னது மரியாதைக்காக. அந்தக் குரல் என்னுடையது.