தொட்டில் கொக்கியில் கிட்டார்

இதை நம்பச் சொல்லி நான் யாரிடமும் வாதாடப் போவதில்லை. அதற்கு எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நடுநிசி, நாய் ஊளை, மல்லிகை வாசம் எதுவும் இதில் வராது. எல்லாம் நடந்தது பட்டப்பகலில். திருவானைக்காவலில், எங்கள் வீட்டு ஹாலில், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில்.

என் பெயர் வேணி. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பில் போடுகிறேன். கணவர் அழகிரி கைலாசபுரம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வேகமாகச் சுற்றும் பெரிய சக்கரங்கள் அதிராமல் சுற்ற வேண்டும் அல்லவா, அதற்காக அவற்றின் எடையைச் சமப்படுத்துகிற பிரிவு. ஒரே மகள் ப்ரீத்தி. கல்லூரியில் இரண்டாம் வருடம்.

போன வருடம் ப்ரீத்தி ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். "விரலை எவ்வளவு வேணா அசைக்கலாம். பாரம் மட்டும் தாங்கவே கூடாது. இன்னொரு தடவை எலும்பு விட்டுச்சுன்னா கை பழையபடி வராது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பெண் சிரிப்பதே குறைந்துபோனது. நானும் வேலை, சமையல், மருந்து, தூக்கம் என்று வண்டியில் பூட்டிய மாடு போல ஓடிக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் எலக்ட்ரிக் கிட்டார். கல்லூரி விழாவில் வாசிக்க வேண்டுமாம். புதிது வாங்க வசதியில்லை. செகண்ட் ஹேண்டில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருப்பதாக போனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

விற்றவர் ஸ்ரீநிவாஸ். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே ஒரு ஃபிளாட். சிவப்பு கிட்டார், கீறல்கூட இல்லை. ப்ரீத்தி பெல்ட்டைத் தோளில் மாட்டிக் கையை எடுத்ததும் கிட்டாரின் கழுத்து சரசரவென்று கீழே இறங்கியது.

"தலைப் பக்கம் கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான் குறை. மத்தபடி நல்ல சத்தம்" என்றார் அவர்.

சொல்லும்போது அவர் ப்ரீத்தியைப் பார்க்கவில்லை. கிட்டாரையும் பார்க்கவில்லை. கிட்டாரின் தலைக்குக் கீழே, தரையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். "குடுத்துட்டேளா?"

"ஆச்சு."

நாங்கள் படியிறங்கத் தொடங்கியபோது மேலேயிருந்து கூப்பிட்டார். "மெதுவா நடந்து போங்கோ. அவசரப்படாதீங்கோ."

கிட்டார் எங்கேயாவது இடித்துக்கொள்ளும் என்று சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வீட்டில் அழகிரி அதைப் பார்த்ததும் சிரித்தார். "என்னடி ப்ரீத்தி, தலைக்கனம் பிடிச்ச கிட்டாரா வாங்கிட்டு வந்திருக்க?"

"உங்க ஜோக்கை விடக் கனமா எதுவும் இல்லப்பா. சரி பண்ணித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"எங்க டிபார்ட்மென்ட்ல யானை கணக்கா இருக்கற சக்கரத்தையே நிறுத்தி வைக்கிறோம். எந்தப் பக்கம் இறங்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் எடை போடணும். இதெல்லாம் ஒரு வேலையா?"

ஹால் நடுவே கூரையில் ஒரு கொக்கி உண்டு. ப்ரீத்திக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. அதிலிருந்து ஒரு கயிறு விட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டிக் கிட்டாரைத் தொங்கவிட்டார். கழுத்து இறங்கி, அதன் தலை டீப்பாய் உயரத்தில் நின்றது. முதலில் பெல்ட் மாட்டுகிற பட்டனை இடம் மாற்றிப் பார்த்தார். பயனில்லை. நேராக அடுப்படிக்கு வந்தார்.

"வேணி, சப்பாத்தி மாவு இருக்கா?"

"ராத்திரிக்குப் பிசைஞ்சு வெச்சிருக்கேன். ஏன்?"

"கிட்டார் முதுகுல ஒட்டிப் பாக்கணும். எவ்வளவு எடை தேவைன்னு தெரிஞ்சதும் அதே அளவுக்கு ஈயம் வெச்சுடலாம்."

"அப்புறம் அந்த மாவை யார் திங்கிறது?"

"நான்தான் திங்கிறேன். போதுமா?"

உருண்டை உருண்டையாக ஒட்டினார். கழுத்து மெல்ல எழும்பித் தராசு முள் மாதிரி சமமாக நின்றது. ப்ரீத்தி கைதட்டினாள். அன்றிரவு சப்பாத்தி குறைந்துபோய் எல்லோரும் மோர் சாதம் சாப்பிட்டோம்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் கழுத்து மறுபடி இறங்கியிருந்தது. மாவு காய்ந்து எடை குறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே அழகிரி என்னிடம் புது மாவு வாங்கி ஒட்டினார். முதல் நாளைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம். தரையில் உட்கார்ந்து கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படி தினம் கூடும்? மரம் என்ன வளருமா?"

காலையில் பெருக்கும்போது கிட்டாருக்கு நேர் கீழே எதையோ பார்த்தேன். மாவு. புழு மாதிரி நீளமாக உருட்டியது. பக்கத்தில் இன்னொன்று, குட்டியாக. சின்ன வயதில் நான் சப்பாத்தி இடும்போது ப்ரீத்தி பக்கத்தில் உட்கார்ந்து இப்படித்தான் உருட்டுவாள்.

"இன்னும் குழந்தையாடி நீ?"

"நான் தொடவே இல்லம்மா."

அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெருக்கித் தள்ளிவிட்டுப் போனேன். களைப்பு அப்படித்தான். கண்ணில் படுவதையெல்லாம் குப்பையோடு சேர்த்து வாரிவிடும்.

அன்று மாலை அழகிரி மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள் வாங்கி வந்தார். கிட்டாரின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. உள்ளே ஒயர் ஓடுகிற குழி. ஒயரில் படாமல் டேப் சுற்றி ஈயத்தை அதற்குள் திணித்து மூடினார். கிட்டார் படுக்கை வசத்தில் அசையாமல் நின்றது. நிலைக்கிறதா என்று பார்க்க லேசாகத் தள்ளி ஆட்டினார்.

"ஆட்டாதீங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஏன்?"

"தொட்டில் கொக்கி அது. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாதும்பாங்க."

"வெறும் தொட்டிலா? அதான் கிட்டார் கிடக்கே!"

அது முன்னும் பின்னும் ஆடியது. நிற்க வேண்டிய நேரம் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தது போலத் தோன்றியது. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டேன். ப்ரீத்தி அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றபடியே வாசித்தாள். கை வலிக்கவில்லை என்றாள். சிரித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. எனக்கு வார லீவு. அழகிரி ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். ப்ரீத்தி சாப்பிட்டுவிட்டு அவள் அறையில் தூங்கப் போனாள். நான் ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன். காலையில் அழகிரி இன்னும் இரண்டு குண்டு சேர்த்துவிட்டுப் போன கிட்டார் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபேன் ஓடாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். தெருவில் வண்டிகூட இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பத்து.

டிங்...

ஒரு கம்பியை யாரோ நகத்தால் தொட்டது போல.

கண்ணைத் திறந்தேன். கிட்டார் அசையவில்லை. சமமாகத்தான் இருந்தது. பல்லியாக இருக்கும். கண்ணை மூடப் போனேன்.

அப்போது கழுத்து மேலே எழும்பத் தொடங்கியது.

மெதுவாக. மிக மெதுவாக. தலை உயர, உடல் பக்கம் தாழ, கிட்டார் செங்குத்தாகத் திரும்பி அதன் தலை கூரையைப் பார்த்து நின்றது.

இருபது வருடத்துக்கு மேலாக அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். எடை பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு பக்கம் எழும்பினால் அந்தப் பக்கத்திலிருந்த பாரம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் இத்தனை நாளும் அந்தத் தலையில் ஒரு பாரம் இருந்திருக்கிறது. கிட்டாருடையது அல்லாத பாரம்.

அது இப்போது இறங்கிவிட்டது.

தப்...

மொசைக் தரையில் வெறும் பாதம். சின்னப் பாதம்.

தப்... தப்...

நின்றது. தடுமாறியது. மறுபடி ஒரு அடி. நடை பழகுகிற குழந்தை வைக்கிற அடி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பெற்றவர்கள் யாருக்கும் தெரியும்.

ப்ரீத்தியின் அறைத் திரை அசைந்தது.

மேலே அசையவில்லை. கீழே மட்டும். என் முழங்கால் உயரத்தில்.

தவழ்ந்து போய்த் திரையை விலக்கினேன்.

ப்ரீத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. சுட்டுவிரல் மட்டும் விறைத்துக் கீழ்நோக்கி நீண்டிருந்தது.

மணிக்கட்டு நீண்டது. தோல் இழுபட்டது. உள்ளே வைத்த பிளேட்டின் விளிம்பு தோலில் புடைத்துத் தெரிந்தது.

"அம்மா... கை கனக்குதும்மா..."

தூக்கத்தில்தான் சொன்னாள்.

இன்னும் இறங்கியது...

நான் யோசித்துச் செய்யவில்லை. தரையில் உட்கார்ந்தேன். அவள் விரலுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், என் வலது கைச் சுட்டுவிரலை நீட்டினேன்.

"அக்காவுக்குக் கை வலிக்கும்" என்றேன். "இங்க வா."

ஒன்றும் நடக்கவில்லை.

"வா... வா..."

என் விரலை ஏதோ சுற்றிப் பிடித்தது.

சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. லேசாகப் பிசுபிசுத்தது. மாவு பிசைந்த கை மாதிரி.

ப்ரீத்தியின் கை, அந்தக் கிட்டாரின் கழுத்தைப் போலவே, தானாக மேலே எழும்பியது.

மறுநாள் கிளினிக்கிலிருந்து ஸ்ரீநிவாஸுக்கு போன் செய்தேன். கத்த வேண்டும் என்றுதான் எடுத்தேன். நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒன்று கேட்டார்.

"நடக்கறதா?"

"என்ன?"

"நன்னா நடக்கறதான்னு கேட்டேன்."

"சார், அது யாரு? உங்க குழந்தையா?"

"எங்களுக்குக் குழந்தையே கிடையாதும்மா. யாருன்னு எங்களுக்கும் தெரியாது. நான் அதை இன்னொருத்தர்கிட்டேர்ந்துதான் வாங்கினேன்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எங்காத்துக்கு வந்தப்போ அது தவழ்ந்துண்டு இருந்தது. கிட்டாரைப் புடிச்சுண்டுதான் எழுந்து நின்னது. ஒத்தர் தளர்ந்தா அடுத்த ஆளுகிட்டப் போறது. என் ஆத்துக்காரியைப் புடிச்சுண்டது... அவளுக்குத் தெம்பு போற வரைக்கும். அப்புறம் கிட்டாருக்கே போயிடுத்து. அதான் குடுத்துட்டோம். மன்னிச்சுடுங்கோ."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

அழகிரியிடம் நான் சொல்லவில்லை. கழுத்து மேலே தூக்கி நிற்கிறது என்று அவர் ஈயத்தை ஒவ்வொரு குண்டாக எடுத்துப் பார்த்தார். முழுவதும் எடுத்த பிறகு, பழைய இடத்திலேயே பட்டனை மாட்டிய பிறகு, கிட்டார் சமமாக நின்றது. அதில் முதலிலிருந்தே எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

"அப்போ நான் இத்தனை நாளா எதுக்கு எதிர்ல எடை போட்டேன், வேணி?"

"எனக்கென்ன தெரியும்? சாப்பிட வாங்க."

விழாவில் ப்ரீத்தி நன்றாக வாசித்தாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழகிரி எழுந்து நின்று விசிலடித்தார். நான் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டேன். வலது கையை எடுக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறேன். முட்டிவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். கிளினிக்கில் யாரும் இல்லாதபோது எடை மெஷினில் ஏறிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முள் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நானோ இளைத்துக்கொண்டே போகிறேன். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

முதல் நாள் அது பிடிப்பதற்காக நான் தரையில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது நான் நிமிர்ந்து நடந்தாலும் அதற்கு என் கை எட்டுகிறது. பிடி விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது.

போன வாரம் சத்திரத்தில் பஸ் ஏறும்போது படியில் என் கால் தளர்ந்தது. விழுந்திருப்பேன். அது என்னை மேலே தூக்கிவிட்டது.

நன்றி சொல்லத் தோன்றியது. அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் அது என்னை ஒரே பக்கமாக இழுக்கிறது. ப்ரீத்தியின் அறைப் பக்கமாக. நான் காலை ஊன்றி நிற்கிறேன். கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறேன். அதன் பலம் கூடிக்கொண்டே போகிறது. என்னுடையது குறைகிறது.

நேற்று அவள் கட்டில் வரைக்கும் போய்விட்டோம்.