தாத்தாவின் படத்துக்கு முன்னால் ஒரு குறை

சத்திரம் பேருந்து நிலையத்தில் காட்டூர் பஸ்ஸுக்காக நின்றபோது அப்பா போன் செய்தார். இட்லி கல்லாக இருக்கிறது என்று காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதிலேயே ஐந்தைச் சாப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்த தாத்தா பிறகு எழுந்திருக்கவில்லையாம். அழுதேன். நடுவில் அந்த ஐந்து இட்லியை நினைத்துச் சிரித்தும்விட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்ன! திரையைப் பார்த்தே கேள்வி கேட்ட டாக்டரிடம், "என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார். டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள்தான் எங்களை முறைத்தார்கள்.

அவருடைய நண்பர் ஒருவரின் படத்திறப்பு. ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளினார்கள். தாத்தா மைக்கை வாங்கி, "நல்ல மனுஷன்தான். ஆனா வீட்ல பொண்டாட்டியப் பேச விட்டதே இல்ல" என்றார். இறந்தவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடினேன். பார்த்தால், சிரிப்பு!

வீடு திரும்பும்போது எனக்கு ஓர் உத்தரவு வந்தது. "என் படத்தைத் திறக்கிறப்ப நீ பேசு. ஒரு குறையாவது சொல்லணும். இல்லேன்னா வேற யாரோ செத்துட்டான்னு நெனச்சுக்குவாங்க." சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

குறைக்கா பஞ்சம்? ஆனால் சொல்லியே ஆக வேண்டிய குறை ஒன்றுதான் இருந்தது. என் அத்தை வேறு சாதியில் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். தாத்தா மாதாமாதம் ரங்கநாதரைக் கும்பிடப் போவார். இரண்டு தெரு தள்ளியிருந்த மகள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். வருடங்கள் கழித்து ஒருநாள் திடீரென்று போய் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, உப்பு ஜாஸ்தி என்றார். அதன்பின் வாராவாரம் போனார். தான் செய்தது தப்பு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அதை எடுக்காதே என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். அத்தை சபையிலிருந்து எழுந்து போய்விட்டால் மறுபடி ஒட்டாது என்று பயந்தார். எனக்கும் அதே பயம்தான். பதினாறாம் நாள் படத்திறப்பில், காட்டூர் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தேன். அத்தை முதல் வரிசையில் இருந்தார்.

"ஊருக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொன்னவரு, பெத்த பொண்ணுகிட்ட 'தப்பு என்மேலதான்'னு சொல்லாமயே போயிட்டாரு. பத்து வருஷம் ஸ்ரீரங்கம் போயும் அவங்க வீட்டுக்குப் போகாம திரும்பி வந்தாரு."

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை எழுந்து நின்றார்.

"பதினோரு வருஷம். குறைச்சுச் சொல்லாத."

தாத்தாவைப் பார்த்தது போலவே இருந்தது எனக்கு! மண்டபமே சிரித்தது. அத்தையும் சிரித்தார். பிறகு, சாவன்றுகூட அழாதவர், உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதினோரு வருடத்தில் கடைசி மூன்று வருடம் தாத்தாவுக்குத் துணையாகக் கோயிலுக்குப் போய்வந்தவள் நான். வேலைக்குப் போகிற வயது. அத்தை வீடு எங்கே என்று தெரியும். ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை. மைக்கில் தாத்தா குறையைச் சொன்னவள் என் குறையைச் சொல்லவில்லை.

மறுநாளே ஸ்ரீரங்கத்துக்குப் போய் அத்தை முன்னால் உட்கார்ந்தேன். "தப்பு என்மேலயும்தான் அத்தை" என்றேன். தாத்தா சொல்லாமல் விட்டுப்போன வார்த்தை அது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.