டீசல் வானும் எங்கள் அண்ணையும்

எங்கள் அண்ணைக்கு இன்று அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகர் அவருடைய டீசல் வானில் ஒருதடவையாவது ஏறியவர்கள். ஆகவே அவரைப் பற்றி எழுதுவதென்றால் அந்த வானைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணை வடமராட்சியில் பிறந்தார். அக்கா மூத்தவர், அடுத்தது அண்ணை, கடைசித் தங்கச்சி நான். எரிபொருளும் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்து வீட்டில் கார் நின்றது. அதற்குப் பெற்றோலுக்குப் பதிலாக ஊற்ற மண்ணெண்ணெய்கூட இல்லை. அண்ணை அப்பாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உழக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அப்பாவுக்கு உயிர் இல்லை.

அதன்பிறகு வெறும் எரிபொருள் தாங்கியோடு வாகனத்தை நிறுத்துவது அவருக்கு ஆகாது. பிறகு இலண்டன் வந்தும், மோர்டனில் வேலை முடிந்து வரும்போது எவ்வளவு களைப்பென்றாலும் டீசல் நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அண்ணி ஏசுவார். "சாவு சொல்லிக்கொண்டே வாறது?" என்பார் அண்ணை.

யுத்தம் எங்களைப் பிய்த்து எறிந்தது. அக்கா ஜேர்மனியில், அண்ணையும் நானும் இலண்டனில், சித்தப்பாவின் பிள்ளைகள் பாரிஸிலும் சுவிசிலும். ஓரிடத்தில் இழவு என்று போன் வந்தால், மற்றவர்கள் விமான டிக்கெட் தேடும் நேரத்தில் அண்ணையின் வான் கப்பல் ஏற டோவர் வீதியில் நிற்கும். "செத்தவீட்டுக்குச் சமைக்கிற கிடாரத்தைப் பிளேனில ஏத்த விடுவாங்களே? பெற்றோல் வான் அவசரக்காரன், மலையைக் கண்டா இளைச்சுப்போவான். டீசல் எண்டா பாரம் ஏத்த ஏத்த இழுக்கும். மூச்சு வாங்காது" என்பார். ஒருதடவை நிரப்பினால் இடையில் எங்கும் டீசலுக்கு நிறுத்தாமல் ஜேர்மனி போய்ச் சேரலாம் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

செத்தவீட்டில் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிப் புறப்படக்கூடாது என்பது நம்மவர் வழக்கம். அண்ணை அதில் கடும் பிடிவாதம். பேசாமல் எழுந்து வெளியே போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார். அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு, "லண்டன்காரர் வெளிக்கிட்டினம்" என்று உள்ளே இருப்பவர்கள் அறிந்துகொள்வார்கள்.

பிறகு அண்ணைக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் தழும்பாகி இறுகிவிட்டது, இனித் திரும்பாது என்றார் வைத்தியர். டீசல் புகைதான் ஆளைத் தின்றது என்று அவருடைய செத்தவீட்டில் சிலர் குசுகுசுத்ததைக் கேட்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. குசுகுசுத்தவர்களில் பாதிப்பேர் அந்த வானில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு போனவர்கள் என்பது மட்டும் தெரியும்.

இலண்டனில் பழைய டீசல் வாகனங்களுக்கு நாளாந்தக் கட்டணம் வந்தபோது, "அப்பா, இதைக் குடுத்திட்டு எலக்ட்ரிக் எடுப்பம்" என்றான் அண்ணையின் மகன்.

"பொறு தம்பி. அக்காவை ஒருக்காப் பாத்திட்டு வந்து குடுப்பம்."

அக்கா பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. அவரால் வர ஏலாது. அண்ணையை விமானத்தில் ஏறக்கூடாது என்று வைத்தியர் மறித்துவிட்டார். ரயில் மாறி ஏறி இறங்க உடம்பில் பலமில்லை. இரண்டு பேரும் உயிரோடு சந்திக்க வேண்டுமென்றால் அந்த வான் ஓட வேண்டும்.

அண்ணையின் மகன் ஓட்டினான். ஒக்சிசன் மெஷினோடு அண்ணை முன்னுக்கு, நான் பின்னுக்கு. பெல்ஜியத்தில் மழை. வழிநீளம் அவருடைய கண் எரிபொருள் முள்ளிலேயே இருந்தது.

அக்காவின் கட்டிலருகே இருந்து, அவருடைய விளங்காத கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிக் கதைத்தார். புறப்படும் நேரம் எழுந்து அக்காவின் தலையைத் தடவினார். வெளியே போய், தட்டுத்தடுமாறிச் சாரதி இருக்கையில் ஏறி, தானே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

சத்தம் கேட்டு அக்கா என்னைப் பார்த்தார். "என்னடி, என்ர வீடு செத்தவீடே? சொல்லாமப் போறான்."

அண்ணை அதன்பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

கடைசிவரை அவரைத் தாங்கிய அண்ணிக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த தாதிமாருக்கும், நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த டூட்டிங் நண்பர்களுக்கும், கடல் தாண்டி வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

போனகிழமை வானை உடைக்கக் கொடுத்தோம். ஏற்றிப்போக ஆட்கள் வருவதற்கு முன் அக்கா போன் எடுத்தார். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு, நான் கேக்கவேணும்." அண்ணையின் மகன் திறப்பைப் போட்டுத் திருகினான். தாங்கி நிறைய டீசல் இருந்தது. நான் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். அக்கா கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, செத்தவீட்டில் சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"சரியடா தம்பி. போட்டு வா."